குறுக்கே பேசாமல் நாற்பது நிமிஷம்

ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தது நகரத்தின் மறுகோடியில், ஒரு நூலகத்தின் மூன்றாவது மாடியில். இரண்டுக்கும் நடுவே இரண்டு பஸ்.

கைப்பையைக் கவிழ்க்காத குறையாகத் துழாவிவிட்டு சிஸ்டர் வீட்டுக்கு போன் போட்டார்.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் மேல மஞ்சக் கலர்ல ஒரு ஃபாரம் இருக்கா பாருங்க."

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"க்ஹும்... இருக்கு. நானே உன்கிட்ட ஒரு விஷயம்..."

"பாத்தீங்களா, இன்னும் இருமல் விடல! சிரப்பு வாங்கியாச்சு, ரெண்டு பாட்டில். பைல இருக்கு. அந்த ஃபாரத்தை எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி லைப்ரரிக்கு வாங்க. மூணாவது மாடி. மடிக்காதீங்க. சுருட்டவும் கூடாது."

"அப்ப எப்படி..."

"வாங்க வாங்க. வெச்சுடறேன்."

அறைகளைத் திறந்து பூட்டுகிற சாவிக்காரம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர், ஏதோ கேட்க வாயெடுத்தார். சிஸ்டர் போனைப் பைக்குள் போட்டபடியே அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். யாராவது வாயெடுத்தால் தாண்டிப் போவது சிஸ்டருக்குக் கைவந்த கலை.

சிஸ்டரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. நர்ஸ் வேலையில் இருபத்திரண்டு வருஷம். ஆண்கள் வார்டுக்கு இன்சார்ஜாகி ஆறு வருஷம். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. டெம்பரேச்சரில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனுஷி. ஆனால் குடியிருப்பில் சளி பிடித்தவர்கள் சிஸ்டர் வீட்டு வாசலைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் போவார்கள். சிஸ்டர் காதில் ஒரு தும்மல் விழுந்தால் போதும், தும்மியவர் தன் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் ஆவி பிடிக்கிற பாத்திரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கேள்வியை அவரே கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். அந்தப் பதிலுக்கு எதிராளியைத் திட்டவும் செய்வார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் இந்தச் சோதனை.

நர்ஸ்கள் தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று கணக்கு. கை கழுவும் முறை, தீப்பிடித்தால் என்ன செய்வது, புது மாடல் ஊசி எல்லாவற்றையும் சிஸ்டர் எப்போதோ முடித்துவிட்டார். பாக்கி நின்றது ஒன்றே ஒன்று. 'அடிமைப் பழக்கமும் ஆதரவு தேவைப்படும் நோயாளிகளும்.' "குடிகாரனைப் பத்தி எனக்கு எவன் பாடம் எடுக்கறது? வாரத்துக்கு நாலு பேரைப் படுக்கப் போட்டுப் பாக்கறேன்" என்று ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வீடியோ பாடங்களைப் போன வாரம்தான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே பார்த்து முடித்தார். 'நோயாளியிடம் நிதானமாகப் பேசுங்கள்' என்ற வரிகூட அவர் காதில் கிளி கத்துகிற வேகத்தில்தான் விழுந்தது.

கடைசியில் ஒரு செய்முறைப் பயிற்சி. பழக்கத்தை விட வந்தவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்கார வேண்டும். நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் அவர்கள் கூச்சப்படுவார்கள். பேசுகிற ஒருவரைக் குறைந்தது நாற்பது நிமிஷம் குறுக்கே பேசாமல், புத்தி சொல்லாமல் கேட்க வேண்டும். முடிந்ததும் 'இவர் நான் பேசியதைக் குறுக்கிடாமல் கேட்டார்' என்று அந்த மஞ்சள் ஃபாரத்தில் பேசியவரே கையெழுத்துப் போட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை.

அதை மாலை ஆறு மணிக்குள் படமெடுத்து அனுப்பியாக வேண்டும். இன்று கடைசி நாள். அனுப்பாவிட்டால் பதிவு காலாவதி. திங்கட்கிழமை வார்டுக்குள் கால் வைக்க முடியாது. உதவி இன்சார்ஜ் இப்போதே சிஸ்டரின் மேஜையில் தன்னுடைய பூந்தொட்டி எங்கே உட்காரும் என்று கையால் அளந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். சிஸ்டர் அதைக் கண்ணால் கண்டார்.

அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு ஃபிளாஸ்க், காகிதக் கப்புகள். ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை. சிஸ்டர் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு பேரையும் ஒரு சுற்று பார்த்தார். வார்டில் ரவுண்ட்ஸ் போகிற பார்வை. ஒரு நிமிஷத்தில் நாலு பேருக்கும் வியாதி எழுதிவிட்டார்.

முதல் ஆள் ஐம்பது வயது இருக்கும், வாட்டசாட்டமானவர். கை இரண்டும் சிவந்து, தோல் வெடித்திருந்தது. ஒரு கையால் இன்னொரு கையை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுக்கத்தை மறைக்கிறார், பாவம்.

அடுத்தவள் தடித்த கண்ணாடிக்காரி. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டாள், காது வரைக்கும் போயிற்று. எத்தனை ராத்திரி தூங்கவில்லையோ.

மூன்றாவது அம்மா செருப்பின் வாரைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கணுக்காலும் பன்னைப் போல வீங்கியிருந்தன. ஈரல்தான், சந்தேகமே இல்லை.

நாலாவது ஒரு சின்னப் பெண். பையிலிருந்து பிஸ்கட் எடுத்தாள், கதவைப் பார்த்தாள், யாரோ ஓடிவந்து பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி முழு பிஸ்கட்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்கினாள். எந்த வீட்டில் எப்படி அடிபட்டு வளர்ந்ததோ.

சிஸ்டருக்கு மனசு இளகிவிட்டது. 'பேசட்டும். யாராவது ஒருத்தர் வாயைத் திறக்கட்டும். நாற்பது நிமிஷம் என்ன, ஐம்பது நிமிஷம் கேட்கிறேன்' என்று முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, புருவத்தை லேசாகத் தூக்கி, கையை மடியில் கோத்து, வீடியோவில் காட்டிய அதே கனிவு.

யாரும் பேசவில்லை.

மூன்று மணி ஐந்து நிமிஷம். மூன்று எட்டு. நாலு பேரும் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரு கனிவு. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. 'எவ்வளவு வெட்கம் இருந்தா இப்படி வாயே திறக்காம இருப்பாங்க' என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார்.

மூன்று பத்து ஆயிற்று. சும்மா இருப்பது சிஸ்டருக்கு வராத வித்தை. கொதிக்கிற பாலைப் பார்த்துக்கொண்டு அடுப்பை அணைக்காமல் நிற்பது போலிருந்தது.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். நாலு தலையும் ஒரே சமயத்தில் திரும்பின. நாலு நாற்காலியும் கிறீச்சிட்டன.

"உங்களுக்குப் பேசணும்னு தோணுது," என்றாள் கண்ணாடிக்காரி மெதுவாக. "பேசுங்கக்கா. அவசரமே இல்ல."

"இல்லம்மா, நான் சும்மா..."

"சும்மான்னா?" என்றார் வாட்டசாட்டம், பஞ்சு மாதிரிக் குரலில்.

சிஸ்டர் மாட்டிக்கொண்டார். நர்ஸ் என்று சொல்லக் கூடாது. வேடிக்கை பார்க்க வந்தேன் என்றால் பாவம், மனசு புண்படும். ஏதாவது சின்னதாக ஒரு பழக்கத்தைச் சொல்லிவைத்தால், அதைக் கேட்டு அவர்களுக்கும் தைரியம் வரும். சாராயம் வேண்டாம், நாறும். புகை வேண்டாம். எது சின்னது? பைக்குள் இருந்த பாட்டில் தொடையில் இடித்தது.

"இருமல் மருந்து," என்றார்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுவே சிஸ்டருக்கு ஆச்சரியம். அவர் வார்டாக இருந்தால் இந்நேரம் 'வெட்கமா இல்ல?' என்று ஒரு குரல் கேட்டிருக்கும். அவருடைய குரல்தான்.

"சொல்றதுக்கே ஒரு தைரியம் வேணும்மா," என்றார் வீங்கின கால் அம்மா. "எவ்வளவு எடுப்பீங்க?"

ஒரு ஸ்பூன் என்றால் சிரிப்பார்கள். "ஒரு பாட்டில்," என்றார் சிஸ்டர்.

"வாரத்துக்கா?"

நாலு பேரும் நம்பிக்கையோடு பார்த்தார்கள். வாரத்துக்கு ஒன்று சப்பென்று இருக்குமோ என்று சிஸ்டருக்குப் பட்டது.

"ஒரு நாளைக்கு."

பிஸ்கட் பெண் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். ரொம்பப் போய்விட்டோம் என்று புரிந்ததும் சிஸ்டர் அவசரமாக இறங்கப் பார்த்தார்.

"ஆனா விட்டுட்டேன். சுத்தமா விட்டுட்டேன்."

"ரொம்ப நல்ல விஷயம்," என்றார் வாட்டசாட்டம். "எப்பலேர்ந்துங்க?"

தேதி ஒன்றும் வாயில் வரவில்லை. "காலைலேர்ந்து."

வீங்கின கால் அம்மா தன் நாற்காலியைச் சிஸ்டர் பக்கம் இழுத்தார். சரியாக ஒரு கை தூரத்தில் நிறுத்தினார். வாட்டசாட்டத்தின் கண் சிஸ்டரின் மணிக்கட்டில் நின்று, கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

"வேர்க்குதாம்மா? வயித்தைப் புரட்டுதா? வீட்டுல தனியா இருக்கீங்களா, யாராவது கூட இருக்காங்களா? உங்களையே ஏதாவது பண்ணிக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று அந்த அம்மா அடுக்கினார்.

அப்படியே பாடத்தில் இருந்த கேள்விகள். வரிசைகூட மாறவில்லை. 'அடப் பாவமே, எத்தனை தடவை ஆஸ்பத்திரியில படுத்து எழுந்திருந்தா நர்ஸுங்க கேக்கற கேள்வியெல்லாம் இப்படி மனப்பாடம் ஆகியிருக்கும்' என்று சிஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதை நெஞ்சு வலி என்று எடுத்துக்கொண்டு பிஸ்கட் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? மருந்து குடிச்சதும் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

சிஸ்டர் வாயைத் திறந்தார். பதினோராம் பெட்டில் அப்படி ஒருவன் கிடக்கிறான். எத்தனை பாட்டில், எத்தனை வருஷம், ரத்தத்தில் என்ன இருக்கிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் குடித்தால் எப்படி இருக்கும் என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை. கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. கையில் பதில் இல்லாமல் போகவே சிஸ்டர் வாயிலிருந்து சொந்தச் சரக்கு வந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சிஸ்... எந்தப் பக்கமும் கூப்பிட மாட்டாங்க. அது போதும்னு இருக்கும்."

சொன்ன பிறகுதான் அது பொய் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. நாலு பேரும் தலையாட்டினார்கள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

இது சரிவராது என்று சிஸ்டர் தீர்மானித்தார். பேச வேண்டியவர்கள் அவர்கள். தான் பேசிக்கொண்டிருந்தால் ஃபாரம் என்ன ஆவது? "என்னை விடுங்க. வீட்டுல ஒரு சொட்டு மருந்து கிடையாது. பைலயும் கிடையாது. நீங்க யாராவது பேசுங்களேன்," என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இல்லாத பொருளுக்கு யாரும் பையை அவ்வளவு இறுக்கமாக அணைப்பதில்லை.

"பையைக் கீழ வெச்சுட்டு நிம்மதியா உக்காருங்கம்மா," என்று வீங்கின கால் அம்மா வாரைத் தொட்டார். சிஸ்டர் வெடுக்கென்று இழுத்தார். பை கவிழ்ந்தது. இரண்டு பாட்டில்கள் வட்டத்துக்குள் உருண்டன. ஒன்று நாற்காலிக் காலில் முட்டி நின்றது. இன்னொன்று நிதானமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வாட்டசாட்டத்தின் ஷூவில் போய்ச் சாய்ந்தது.

யாரும் எடுக்கவில்லை. நாலு முகத்திலும் அதே கனிவு. அந்தக் கனிவைத்தான் சிஸ்டரால் தாங்க முடியவில்லை.

"அது எனக்கில்ல! வீட்டுக்காரருக்கு!"

"சரிங்க," என்றார் வாட்டசாட்டம்.

"நிஜமாவே! அவருக்கு இருமல். ரெண்டு வருஷமா குடிக்கிறார்."

"ரெண்டு வருஷமாவா?" என்றாள் கண்ணாடிக்காரி.

அவள் சந்தேகமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகு சிஸ்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வார்டில் ஒருவன் மூன்று வாரம் இருமினால் எக்ஸ்ரே எழுதச் சொல்லி டாக்டரைத் துரத்துகிறவர் அவர். வீட்டில் ரெண்டு வருஷம்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வீட்டுக்காரர். மடிக்காமலும் சுருட்டாமலும் கொண்டுவரச் சொன்னதால் ஃபாரத்தை இரண்டு உள்ளங்கையிலும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு நின்றார். இரண்டு பஸ்ஸிலும் அப்படித்தான் வந்திருக்கிறார். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம்கூடக் கொடுத்தாராம்.

"இந்தா உன்..."

சிஸ்டர் பாய்ந்து போய் ஃபாரத்தைப் பிடுங்கி, நாலாய் மடித்துப் பைக்குள் திணித்தார். வீட்டுக்காரர் மடிப்பையே பார்த்தார்.

"ஒண்ணும் பேசாதீங்க," என்று சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். வீட்டுக்காரருக்கு அது புதிதில்லை.

ஆனால் அதற்குள் வாட்டசாட்டம் எழுந்து ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டார். "உக்காருங்க சார். நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க வீட்டம்மா இன்னைக்குப் பெரிய தைரியத்தோட ஒரு விஷயம் சொன்னாங்க."

"சொன்னாளா?" என்றார் வீட்டுக்காரர், உட்காரலாமா என்று மனைவியைப் பார்த்தபடி.

"இருமல் மருந்து. தினம் ஒரு பாட்டில். நீங்க கோவிச்சுக்கக் கூடாது. இது ஒரு நோய் மாதிரித்தான்."

வீட்டுக்காரர் தரையில் கிடந்த பாட்டில்களைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அப்ப நீதான் குடிக்கிறியா? அதான் வாரா வாரம் ரெண்டு ரெண்டா வாங்கறியா?"

"ஏங்க, நான் எங்க..." என்று சிஸ்டர் ஆரம்பிப்பதற்குள் வீங்கின கால் அம்மா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். "அவர் முடிக்கட்டும்மா."

இருபத்திரண்டு வருஷத்தில் சிஸ்டருக்கு எதிரே யாரும் உள்ளங்கையைத் தூக்கியதில்லை. சிஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். வழக்கப்படி சிஸ்டரின் கை பாட்டிலைத் தேடிப் போனது. அது வாட்டசாட்டத்தின் காலடியில் இருந்தது. ஸ்பூன் வரவில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார்.

"தப்பு என் மேலதான். எனக்கு இருமலே கிடையாதுங்க."

சிஸ்டர் நிமிர்ந்தார்.

"ஏதாவது பேசறதுக்கு முன்னாடி தொண்டையை ஒரு தடவை செருமிக்கறது என் பழக்கம். செருமினா ஸ்பூன் வந்துடும். வாய்க்குள்ள ஸ்பூன் இருந்தா என்னத்தப் பேசறது? அப்புறம் எனக்கே மறந்துடும், என்ன சொல்ல வந்தேன்னு. முதல் ரெண்டு மாசம் குடிச்சேன். அப்புறம் அவ அந்தப் பக்கம் திரும்பினதும் பால்கனிச் செடியில துப்பிட்டு வந்துடுவேன்."

'அதான் அந்தச் செடி எப்பப் பாத்தாலும் தூங்கி வழியுது' என்று சிஸ்டருக்கு உறைத்தது. பதினோரு வாக்கியம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. நாக்கைப் பல்லுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். நாலு பேர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஐந்தாவது ஆள் மட்டும் எப்படிக் கத்துவது? அவரும் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"என்ன சொல்ல நினைச்சீங்க சார்?" என்று கேட்டாள் பிஸ்கட் பெண்.

"நான் லிஃப்ட் மெக்கானிக்கும்மா. உள்ள மாட்டிக்கிட்டவங்களோட வெளிய நின்னு பேசுவேன். பயப்படாதீங்க, காத்து வரும், இதோ திறந்துடறேன்னு. சில பேர் அழுவாங்க. சில பேர் வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டே வேலையைப் பாப்பேன். அவங்க கையிலயாவது அமுக்கறதுக்கு ஒரு பெல் இருக்கு. எனக்கு அதுவும் இல்ல."

யாரும் அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்காரருக்கு அது பிடித்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"போன வருஷம் பதினாலாவது மாடியில லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் ஆகல. கயிறு அறுந்துச்சு, கால் வழுக்குச்சுன்னெல்லாம் இல்ல. சும்மா கீழ பாத்தேன். அன்னைலேர்ந்து மேல ஏறினா கால் ரெண்டும் தனியா ஆடுது. இருபத்தாறு வருஷமா ஏறின கால். ஆபீஸ்ல சொன்னேன். கீழ உக்காந்து போன் எடுக்கற வேலை தர்றேன்னாங்க. வீட்டுல கேட்டுச் சொல்றேன்னேன். ஏழு மாசம் ஆச்சு. தினம் காலைல கேக்கலாம்னு செருமுவேன்."

சிஸ்டரின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைத்தால்கூடக் குறுக்கிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று துடைக்கவில்லை.

அவர் பேசினார். காலையில் ஷூ மாட்டும்போதே இன்றைக்கு எத்தனை மாடி என்று எண்ண ஆரம்பித்துவிடுவதைப் பேசினார். கூட வேலை செய்கிற பையன்கள் சிரிப்பார்களோ என்ற பயத்தைப் பேசினார். மனைவியைப் பற்றியும் பேசினார்: வேலை முடிந்து வந்து அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைச் சுவரில் சாய்ந்து நிற்பாள், அந்த நேரத்தில் போய் என் கால் ஆடுது என்று எப்படிச் சொல்வது என்றார். பேச்சு எங்கெங்கோ போனது. எந்த லிஃப்ட் எந்த மாடியில் என்ன சத்தம் போடும் என்பது வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நாலு பேரும் அசையவில்லை. சிஸ்டர் இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இவ்வளவு நீளமாக அவர் குரலைக் கேட்டதே இல்லை. நல்ல குரல்தான்.

ஒரு இடத்தில் அவர் நின்றார். "தப்பா சொல்லிட்டேனா?" என்று மனைவியைப் பார்த்தார்.

சிஸ்டருக்கு வாயில் நிறைய யோசனைகள் இருந்தன. பிசியோதெரபி, வைட்டமின், தெரிந்த டாக்டர் ஒருவர். எல்லாவற்றையும் விழுங்கினார்.

"மேல நிக்கறப்போ எப்படிங்க இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அவர் இன்னும் பத்து நிமிஷம் பேசினார்.

கடிகாரம் நாலே முக்கால் காட்டியபோதுதான் ஓய்ந்தார். "தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று எழுந்து வெளியே போனார். நடை கொஞ்சம் லேசாக இருந்தது. "ரொம்ப நன்றிம்மா," என்று சிஸ்டரின் கையைப் பிடித்துவிட்டு வீங்கின கால் அம்மாவும் பின்னாலேயே போனார். அப்புறம் வாட்டசாட்டம். அப்புறம் மற்ற இரண்டு பேரும், பைக்குள் எதையோ துழாவிக்கொண்டே.

சிஸ்டர் தனியாக நின்று நாற்காலிகளை அடுக்கினார். மனசு நிறைந்திருந்தது. பையில் இருந்த ஃபாரம் கையில் பட்டதும்தான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. இந்த நாலு பேரில் ஒருவர்கூடத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவரிடம் போய் 'நான் பேசியதைக் கேட்டார்' என்று கையெழுத்து வாங்க முடியாது. பேசியவர் வீட்டுக்காரர். அவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை. செருமுவதைப் பழக்கத்தில் சேர்க்க முடியுமா? டெம்பரேச்சரில் ஒரு புள்ளிகூட மாற்றாத மனுஷி, புருஷன் கையெழுத்தைக் குடிகாரன் கையெழுத்து என்று எப்படி அனுப்புவார்? மணி நாலு ஐம்பது. திங்கட்கிழமை அந்தப் பூந்தொட்டி வந்து உட்காரப் போகிறது.

கதவின் மங்கலான கண்ணாடி வழியே வெளித் தாழ்வாரம் தெரிந்தது. ஜன்னல் கட்டையருகே வீட்டுக்காரர் குனிந்து நிற்கிறார். நாலு பேரும் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் போய், தலை குனிந்து, ஏதோ மெதுவாகச் சொல்லி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நகர்கிறார்கள். ஆறுதல் சொல்கிறார்கள் போலிருக்கிறது. இப்படிப்பட்ட பெண்டாட்டியோடு காலம் தள்ளுகிறாரே என்று. சிஸ்டருக்குக் காது சூடாகியது.

சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு சாவிக்காரம்மா உள்ளே வந்தார். "முடிஞ்சுதாம்மா? பூட்டலாமா?"

சிஸ்டர் கௌரவத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நாலாய் மடித்த மஞ்சள் ஃபாரத்தை விரித்து அவரிடமே நீட்டினார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் ஒரு நர்ஸு. குடிப்பழக்கத்தை விட வந்தவங்க யாராவது ஒருத்தர் பேசி, நான் கேட்டு, இதுல கையெழுத்து வாங்கணும். இன்னைக்கு வந்த நாலு பேரும் பாவம், வெட்கப்பட்டுக்கிட்டு வாயே திறக்கல. அடுத்த கூட்டத்துக்கு வேற யாராவது வருவாங்களா? ஆறு மணிக்குள்ள?"

சாவிக்காரம்மா ஃபாரத்தைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்தி ஒரு மாசமாச்சேம்மா! இன்னைக்கு உங்களோட உக்காந்திருந்த நாலு பேரும் இதே மஞ்ச ஃபாரத்தோட வந்த நர்ஸுங்கதான். அதோ பாருங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட வரிசையா கையெழுத்து வாங்கிட்டிருக்காங்க, நீங்களும் போய் அஞ்சாவதா நில்லுங்க!"